ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது?

மருத்துவமனைக்கு வெள்ள ஆபத்து உண்டா என்று கேட்டால் உடனே வரைபடத்தை விரிக்கிறார்கள். ஆறு எவ்வளவு தூரம், ஏரி எந்தப் பக்கம், போன முறை தண்ணீர் எத்தனை அடி நின்றது? கேட்க வேண்டியவைதான். ஆனால் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பார்க்காத ஆய்வை, 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் என்னால் ஆய்வென்று ஏற்க முடியவில்லை.

அந்த டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. மழை, அடையாறு கரை புரண்டது. அந்த வாரம் மின்சாரம் நின்ற ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த செய்திகளைச் சென்னை மறந்திருக்காது. நான்காவது மாடி வார்டுக்குள் தண்ணீர் வரத் தேவையில்லை. கீழே மெயின் பேனல் நனைந்தாலே போதும். வென்டிலேட்டர் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். சளி உறிஞ்சும் குழாய்க்கு உயிர் கொடுக்கும் வேக்குவம் பம்ப் நின்றுவிடும். லிஃப்ட்டும் ஓடாது. அப்புறம் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே நோயாளியைப் படிக்கட்டில் தூக்கி இறக்க வேண்டும்.

மனை விலை ஏறும் நகரத்தில் தரைத்தளத்தின் ஒவ்வொரு அடிக்கும் கிராக்கி. புறநோயாளிப் பிரிவும் மருந்துக்கடையும் ஸ்கேன் அறையும் அங்கே உட்கார்ந்துகொள்ள, டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் டீசல் டேங்க்கும் வாகன நிறுத்தத்தோடு கீழே போய்விடுகின்றன.

ஜெனரேட்டரை மட்டும் மேலே ஏற்றினாலும் போதாது. 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது ஒரு பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகளோ பேஸ்மென்ட்டில் மூழ்கின. படிக்கட்டில் வரிசையாக நின்று எண்ணெயைக் கைமாற்றி மேலே சேர்த்தார்கள். அப்படியும் நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

கால்வாய்களைத் தூர்வாரி, சதுப்பு நிலங்களைக் காத்தால் ஜெனரேட்டரையும் பம்பையும் மேலே ஏற்றும் செலவெல்லாம் எதற்கு என்பவர்கள் உண்டு. தூர்வாரட்டும், அதுவரை மழை காத்திருக்காது.

எனக்குப் பெரிய கவலை சாலைதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிது போடும்போது சாலை உயர்கிறது. கட்டும்போது தெருவைவிட மேடாக இருந்த மருத்துவமனை வாசல், சில ஆண்டுகளில் பள்ளமாகிவிடுகிறது. பேஸ்மென்ட் சரிவுப்பாதை தெருத்தண்ணீருக்கு நேர்வழியாகிறது. திறப்பு விழாவுக்கு முன் எழுதிய ஆய்வறிக்கை அதற்குள் செல்லாக்காசு.

உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வாசலுக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து எழுதச் சொல்ல வேண்டும். எத்தனை அடி தண்ணீரில் மெயின் பேனலும் டீசல் பம்பும் நனையும் என்பதையும் அதே தாளில்.