குரல்நாணை வெட்டினால் குரைப்பு நிற்குமா?

நிற்காது. நாய் தொடர்ந்து குரைக்கும். சத்தம்தான் கரகரத்துத் தேய்ந்துபோகும். நுரையீரலிலிருந்து வரும் காற்று, குரல்வளையில் குரல்நாண்கள் எனப்படும் இரு திசுமடிப்புகளை அதிரவைப்பதால் பிறப்பதே குரைப்பு. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவோ கழுத்தைக் கீறியோ அந்த மடிப்புகளில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய இடத்தில் தழும்புத் திசு வளர்ந்தால் மூச்சுப்பாதை குறுகலாம். சில நாய்களுக்குக் குரல் ஓரளவு திரும்பியும் விடுகிறது. அப்புறம் எதற்கு இந்த அறுவை?

1987-இன் ஐரோப்பியச் செல்லப்பிராணிகள் உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி இதைச் செய்யக்கூடாது என்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2010-இல் தடைச்சட்டம் போட்டது.

நாய் ஏன் குரைக்கிறது என்று பார்ப்பதே உருப்படியான வழி. தெருவில் போகிறவரைப் பார்த்தா? சன்னலை மறையுங்கள். சலிப்பா? நன்றாக நடக்கக் கூட்டிப்போங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள். தனிமைப் பயமா? சில நிமிடங்களில் தொடங்கி, தனியே இருக்கும் நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்க வேண்டும். முற்றிய நிலையில் கால்நடை மருத்துவர் மருந்தும் தருவார். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை பயத்தைக் கூட்டவே செய்யும்.

கவனத்துக்காகக் குரைக்கும் நாயிடம் பதிலுக்குக் கத்தாதீர்கள்: அதுவும் கவனம்தானே! கண்டுகொள்ளாமல் விட்டால், முதலில் குரைப்பு இன்னும் கூடும். பலர் விட்டுக்கொடுப்பது அங்கேதான். அமைதியான நொடிக்குத் தின்பண்டம் கொடுங்கள், பக்கத்து வீட்டாரிடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.