கொங்கு நாட்டு இசையில் மீட்டுப் பாடுதல்

நாட்டுப் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாடுவோர் ஓரடியை நான்கு முறை பாடினும், எழுதுவோர் அதனை ஒருமுறையே எழுதுவர். எஞ்சியவற்றைப் புள்ளிகளாலோ மேற்படிக் குறியாலோ சுட்டி அமைவர். தாளும் மையும் மிச்சமாகும் என்பது ஒருபுறம் இருக்க, மீண்டு வந்த அடியிற் புதுப்பொருள் இல்லை என்னும் எண்ணமே இவ்வழக்கத்திற்கு அடிப்படையாகும். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைப் போத்தனூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டுப் பாடல்கள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இலக்கண நூலார் கருத்து

கூறியது கூறலைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்து எண்ணின. ஆயின் அது நூலுக்கு உரைத்த குற்றமேயன்றிப் பாட்டுக்கு உரைத்ததன்று. தொல்காப்பியரே சொல்லதிகார எச்சவியலில், விரைவு குறித்து அடுக்கி வரும் சொல்லுக்கு மூன்றும், இசை குறித்து அடுக்கி வருவதற்கு நான்கும் எல்லையாக வகுத்துள்ளார். விரைவிற்குத் தந்ததினும் இசைக்கு ஒருமுறை மிகுதியாக இடந்தந்தமை நோக்கத்தக்கது. ஆகவே, கருத்தை அறிவிக்கும் நூலிற் குற்றமாவது இசையில் ஒரு தொழிலை உடையதாகின்றது. அத்தொழில் யாது என்பதே நம் வினா.

செவியின் தொழில்

போத்தனூர்க்கு 1862-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. தண்டவாளத் துண்டுகளை இடைவெளி விட்டுப் பூட்டியிருந்த காலத்தில், ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் எழுப்பும் ஓசைக்குச் சிறுவர் தத்தமக்குத் தோன்றிய சொற்களைப் பொருத்திப் பாடிக்கொண்டே செல்வர். தண்டவாளங்களை நெடுக ஒட்டவைத்த பின்னர் அவ்வோசை அருகிவிட்டது. எனினும் அது உணர்த்தும் உண்மை நிலைத்துள்ளது. மீண்டும் மீண்டும் வரும் ஒலியைச் செவி வாளா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தம்முள் வேறுபாடு சிறிதும் இல்லாத ஒலிகளைச் சீரான இடைவெளியிற் கேட்பிப்பின், கேட்போர் அவற்றை இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ தாமே தொகுத்துக்கொள்வர் என்பதை அமெரிக்க உளநூல் அறிஞர் போல்ட்டன் 1894-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். தாளம் ஓரளவிற்குக் கேட்பவன் படைப்பே என்பது இதனாற் பெறப்படும்.

டயானா டாய்ச் என்னும் அறிஞர் கண்டது இதனினும் வியப்புடையது. 1995-இல் தாம் பேசிப் பதிவு செய்த உரையின் சிறு தொடர் ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்தபொழுது, பேச்சாக இருந்த அது பாட்டாகக் கேட்கத் தொடங்கியதை அவர் உணர்ந்தார். ஒலியில் மாற்றம் ஏதும் நிகழவில்லை; மீண்டு வந்தமை ஒன்றே பேச்சைப் பாட்டாக்கிற்று. அடியை ஒருமுறை மட்டும் அச்சிடும்பொழுது நாம் பாட்டைப் பேச்சாக்கிவிடுகின்றோம் அல்லமோ?

கும்மி வட்டம்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வள்ளி கும்மி இன்றும் ஆடப்பெறுகின்றது. வள்ளியை முருகன் மணந்த கதையே அதன் பொருள். ஆசிரியர் ஓரடியைப் பாட, வட்டமாக நிற்போர் அதனை வாங்கிப் பாடி அடிபெயர்ப்பர். முதன்முறை சொல் செவிக்கு ஏறும். அடுத்த முறை வாய்க்கு வரும். அதன் பின்னரே கையும் காலும் அதற்கு இசையும். ஏடும் எழுத்தும் இன்றி ஊரார் ஒரு நெடுங்கதையைக் கற்பது இம்முறையாலேயாம். நேற்று வந்து சேர்ந்தவரும் இன்று வட்டத்துள் நின்று பாடலாம். நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாய் இருந்த இக்கலையைப் பெண்டிர்க்கும் பயிற்றியவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன்; அவர்க்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. இவ்வாறு புதியோரை ஏற்று விரிதற்கு இடந்தருவதும் மீட்டுப் பாடும் முறையே.

ஆணையாகும் முடிவு

கும்மியில் மீண்டு வரும் அடி கற்பிக்கின்றது. பதிகத்தில் அது உறுதி கூறுகின்றது. கொடிமாடச் செங்குன்றூர் எனப்பெற்ற திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபொழுது, உடன்வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் நலிந்தனர் என்றும், அது நீங்க அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். அப்பதிகத்துள் திருக்கடைக்காப்பு நீங்கலாக ஏனைய பாடல்கள் திருநீலகண்டத்தின்மேல் இட்ட ஆணையாகவே முடிகின்றன. பாடல்தோறும் முறையீடு வேறுபடும், ஆணை வேறுபடாது. நோயால் அயர்ந்தோரும் அடுத்த முடிவு இன்னது என முன்னரே அறிந்து அதனைத் தாமும் சொல்லலாம். சொல்லச் சொல்ல உறுதி பெருகும். தேவாரத்தை அச்சிடுங்கால் அம்முடிவைப் பாடல்தோறும் முழுமையாகவே தருகின்றோம். அம்மதிப்பைக் கும்மிப் பாட்டிற்கு மறுப்பது எவ்வாற்றானும் நேரிதன்று.

சலிப்பும் அதன் நீக்கமும்

மீட்டுப் பாடுதல் சலிப்புத் தாராதோ எனின், தருதலும் உண்டு. பலகாற் கண்டதும் கேட்டதும் விருப்பம் விளைக்கும் என்று சயான்சு 1968-இல் நிறுவினார். அளவு மிகின் அவ்விருப்பம் குன்றும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நம் பாடகர்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். கருநாடக இசையிற் பல்லவியின் சொல் மாறாதிருக்கச் சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்கின்றன. கும்மியிலோ சொல்லும் மெட்டும் நிற்க, நடை விரைகின்றது. மாறாத ஒன்று இருப்பதனாலேயே மாறுவது புலனாகின்றது.

தொகுப்போர் கடமை

கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையைப் பிரெண்டா பெக் அம்மையார் 1965-இல் ஒலிநாடாவிற் பதிவு செய்தார். 1982-இல் அதுபற்றிய ஆய்வு நூலையும், 1992-இல் தமிழ் மூலத்தை மொழிபெயர்ப்புடனும் வெளியிட்டார். எழுதுகோல் விட்டுவிடுவனவற்றை ஒலிநாடா விடுவதில்லை. எனினும் நாடா தேயும். அதனை ஒலிப்பிக்கும் கருவியும் வழக்கொழியும். ஆதலின், ஓரடி எத்துணை முறை வந்தது, அதனைப் பாடியவர் ஆசிரியரா குழுவினரா, மீண்டு வந்தபொழுது நடையிலும் மெட்டிலும் மாறியது யாது என்னும் மூன்றனையும் தொகுப்போர் அடிதோறும் குறித்தல் வேண்டும். பாடலை நன்கறிந்த முதியோர் உள்ளபொழுதே இதனைச் செய்தல் நலம். அங்ஙனம் குறித்த ஏட்டைக் கொண்டு, அப்பாடலைக் கேட்டறியாத ஒருவர் நாளை ஒரு கும்மி வட்டத்தை மீண்டும் தொடங்க இயலும். புள்ளியிட்டுச் சுருக்கிய ஏட்டைக் கொண்டு அது இயலாது.