கழற்றும் முன் கண்டறிக

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66-இல் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வாகனங்களைப் பிரிக்கவில்லை. இப்பகுதிப் பணிமனைகளில் கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளோடு மார்த்தாண்டத்தின் டி.என். 75 வண்டிகளும் வரிசையில் நிற்கும். உரிமையாளர் தமிழில் குறை சொல்வார். மெக்கானிக் மலையாளத்தில் விடை கூறுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக் கிளை ஒன்றில் பணியாற்றிய காலத்தில், என் கார் காலை வேளைகளில் கிளம்ப மறுத்தது. ஒரு பணிமனையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரம் ஓடியது. மீண்டும் அதே தொல்லை. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள். கைக்காசு கரைந்ததே ஒழியப் பழுது தீரவில்லை.

நண்பர் ஒருவர் பாறசாலைக்கு அருகே தகரக் கொட்டகை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த முதியவரை எல்லோரும் ‘ஆசான்’ என்றே அழைத்தனர். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “சாரே, எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது? மழைக்குப் பிறகு அதிகமா? இதுவரை என்னென்ன மாற்றினார்கள்?” என்று மூன்று கேள்விகள் கேட்டார். பின்னர் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. அதாவது முழு மின்னேற்றம். என்னைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தார். அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாத இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தது. எஞ்சினையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனை, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து அரித்திருந்தது. புதிய பேட்டரியின் வலுவில் சில நாள் சமாளித்த வண்டி, அரிப்பு கூடியதும் படுத்துவிட்டது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

வணிகவியல் படித்த எனக்கு அப்போது கணக்கேடுதான் நினைவுக்கு வந்தது. இருப்பாய்வின் இரு பக்கங்களும் ஒத்துவராதபோது, வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் இட்டுத் தற்காலிகமாக நேர்செய்யலாம். ஆனால் தவறான பதிவு ஏட்டில் அப்படியே இருக்கும். ஊகத்தின் பேரில் உதிரிபாகம் மாற்றுவதும் இத்தகையதே.

கருவி சொல்வதும் சொல்லாததும்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின், ஸ்கேனர் இல்லாமல் புதிய கார்களைப் பழுதுபார்ப்பது கடினம். ஆயினும் ஸ்கேனர் அறிகுறியைத்தான் காட்டும். எடுத்துக்காட்டாக, ‘பி 0171’ என்ற குறியீடு, எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்று மட்டுமே தெரிவிக்கிறது. வெடித்த வேக்கம் குழாய், அழுக்கடைந்த காற்றளவு சென்சார், வலுவிழந்த எரிபொருள் பம்ப் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். குறியீட்டைக் கண்டதும் ஏதோ ஒரு சென்சாரை மாற்றுபவர் உங்கள் பணத்தில் ஊகிக்கிறார். ஒவ்வொரு காரணத்தையும் சோதித்து விலக்குபவரே தொழில் அறிந்தவர்.

கைப்பழக்கமும் அதே அளவு முக்கியம். வீல் நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக முடுக்கவேண்டும்; கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் நிறைவு செய்யவேண்டும். கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் வரிசைப்படுத்துவதும், வேலை முடிந்தபின் தாமே ஓட்டிப் பார்ப்பதும் நல்ல மெக்கானிக்கின் அடையாளங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அடுத்த ஆண்டு, அதே ஆசான் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார். ஸ்கேனரும் வண்டியைத் தூக்கும் லிஃப்ட்டும் வாங்க வேண்டும். ஈடாகக் காட்ட நிலப் பத்திரம் இல்லை. வருமானத்திற்கு ஆதாரம் கேட்டேன். நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை மேசைமீது வைத்தார். வண்டி எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், உரிமையாளர் சொன்ன குறை, அளந்த அளவு, மாற்றிய பாகம், வாங்கிய கூலி எனப் பத்திகள் இருந்தன. கடைசிப் பத்தியின் தலைப்பு, ‘திரும்பி வந்தது’.

அப்பத்தியில் பதிவுகள் மிகச் சில. ஒன்று அவருக்கே எதிரானது. பிரேக் வேலை முடித்து அவர் அனுப்பிய கார் ஒன்று, குடும்பத்தோடு பொன்முடி மலையிலிருந்து இறங்குகையில் பிரேக் மிதி இளகியிருக்கிறது. ஓட்டியவர் கியரைக் குறைத்து வண்டியை நிறுத்தியதால் எவருக்கும் தீங்கில்லை. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ வகைத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் பிடிக்கும் மலைச்சரிவில் அது கொதித்து ஆவியானால் மிதி உள்ளே போய்விடும். தாம் ஊற்றியது, திறந்து பல நாள் ஆன டப்பாவிலிருந்து என்பதை ஆசான் மறைக்காமல் எழுதியிருந்தார். அதன் கீழே, ‘இனிச் சிறிய டப்பா மட்டும். கூலி வாங்கவில்லை’ என்று ஒரு வரி.

கடன் மதிப்பீட்டுக் குறிப்பில் அந்தப் பக்கத்தை நான் சுட்டிக்காட்டினேன். தன் தவறைத் தானே எழுதிவைப்பவர் தவணையையும் மறக்கமாட்டார் என்று தோன்றியது. முத்ரா திட்டத்தின்கீழ்க் கடன் வழங்கப்பட்டது. ஒரு தவணையும் தவறவில்லை. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், பணிமனை நடத்துவோர் உள்ளிட்ட சிறுதொழில் முனைவோர் ஈடின்றி ரூ.10 லட்சம் வரை கடன் பெறலாம். தருண் பிரிவில் பெற்ற கடனைச் சரிவரத் திருப்பிச் செலுத்தியோருக்கு, 2024-ஆம் ஆண்டில் இவ்வரம்பு ரூ.20 லட்சமாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்க வரும் மெக்கானிக்குகள் விலைப்பட்டியலோடு வேலைக் குறிப்பேட்டையும் கொண்டுவருதல் நலம்.

கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சில பழக்கங்கள் உதவும். குறை எப்போது, எந்த நிலையில் தோன்றுகிறது என்பதை எழுதிக்கொண்டு செல்லுங்கள். பாகத்தை மாற்றுமுன், அது பழுது என்பதை எவ்வாறு அறிந்தார் என்று கேளுங்கள். பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கட்டும். பிரேக் திரவத்தை உங்கள் கண்முன்னே முத்திரை உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் எவரும் இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்.