வணிகரை ஆளும் சட்டம் எங்கிருந்து வருகிறது?
அமெரிக்கச் சட்டத்தின் மூலாதாரங்கள்: ஓர் அறிமுகம்

கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகர இரயில் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டிவந்த ஒரு நிறுவனம், வேறெவரும் அங்குப் பயணிகளை அழைக்கக்கூடாது என்னும் தனியுரிமையை இரயில்வேயிடமிருந்து பெற விரும்பியது. அத்தகைய தனியுரிமை ஒப்பந்தம் செல்லாது என்பது கென்டக்கி நீதிமன்றங்களின் உறுதியான நிலைப்பாடு. நிறுவனத்தார் சட்டத்தை மாற்ற முயலவில்லை; தம் முகவரியை மாற்றினர். கென்டக்கி நிறுவனத்தைக் கலைத்துவிட்டு, அதே பெயரில் அண்டை மாநிலமான டென்னசியில் பதிவு செய்துகொண்டனர். வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவர் என்றாகிவிட்டதால் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்திற்குச் சென்றது. அந்நீதிமன்றமோ கென்டக்கித் தீர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் ஒப்பந்தம் செல்லும் என்றது. 1928இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. ஒரே நகரம், ஒரே இரயில் நிலையம், ஒரே ஒப்பந்தம். ஆயினும் எந்த வாயில் வழியாக நுழைந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறிற்று.

சட்டவியல் கற்போர் "சட்டம் என்ன கூறுகிறது?" என வினவுமுன், "எது சட்டம்? அதனைக் கூறும் அதிகாரம் எவருக்கு?" என வினவ வேண்டும் என்பதற்கு இவ்வழக்கே போதிய சான்றாகும். மூலாதாரங்களை வரிசைப்படுத்திய பின்னரே தனிச் சட்டங்களுக்குள் புகுவது நம் வாசகர்களுக்குப் பழகிய நெறியே. அமெரிக்க வணிகச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்நெறி இன்னும் இன்றியமையாதது. இந்தியாவில் ஒப்பந்தம் குறித்த அடிப்படை விதிகளை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரே நூலில் தந்துவிடுகிறது. அமெரிக்காவில் அத்தகைய ஒரு நூல் இல்லை. அங்குக் கூட்டாட்சி அரசும் 50 மாநிலங்களும் தத்தமக்கெனச் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் கொண்டுள்ளன. எனவே ஒரு வணிகரை ஒரே சமயத்தில் பல குரல்கள் ஆள்கின்றன. அக்குரல்களை அரசியல் சாசனம், நீதிமன்றத் தீர்ப்புகள், சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்கள், நிர்வாக அமைப்புகளின் விதிகள் என நான்காக வகுத்து நாம் காண்போம்.

அரசியல் சாசனம்

1787இல் வரையப்பெற்று 1789இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனமே இவற்றுள் உயர்ந்தது. அதன் ஆறாம் பிரிவு, சாசனமும் அதற்கிணங்க இயற்றப்படும் கூட்டாட்சிச் சட்டங்களும் நாடு ஒப்புக்கொண்ட உடன்படிக்கைகளும் நாட்டின் உச்சச் சட்டம் என அறிவிக்கிறது. மாநிலச் சட்டம் இவற்றோடு மோதினால் மாநிலச் சட்டமே வழிவிட வேண்டும். சாசனத்திற்கு முரணான சட்டத்தைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு என்பதை 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பு நிலைநாட்டியது.

வணிகத்திற்கு மிக நெருக்கமானது, மாநிலங்களுக்கிடையிலான வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸ் அவைக்கு வழங்கும் வாசகமாகும். நியூயார்க் மாநிலம் தன் நீர்ப்பரப்பில் நீராவிப் படகு செலுத்தும் தனியுரிமையைச் சிலருக்கு மட்டும் வழங்கியிருந்தது. அவர்களிடமிருந்து உரிமை பெற்ற ஆக்டன் என்பவர், கூட்டாட்சி உரிமத்துடன் நியூஜெர்சியிலிருந்து படகு ஓட்டிய கிப்பன்ஸைத் தடுக்க முயன்றார். 1824இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வாணிபம் என்பது பொருளைக் கொடுத்து வாங்குவது மட்டுமன்று, கப்பற்போக்குவரத்தும் அதனுள் அடங்கும் எனத் தீர்த்தார். நியூயார்க்கின் தனியுரிமை வீழ்ந்தது.

இவ்வாசகத்தின் வீச்சு எத்தகையது என்பது 140 ஆண்டுகளுக்குப் பின்னர் புலனாயிற்று. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், விடுதிகளிலும் உணவகங்களிலும் நிறத்தின் பெயரால் மனிதரைத் திருப்பியனுப்புவதைத் தடை செய்தது. தனியார் விடுதியில் தலையிடக் காங்கிரஸுக்கு என்ன அதிகாரம் என அட்லாண்டா நகரின் 216 அறைகள் கொண்ட விடுதியொன்று வழக்காடியது. விடுதியில் தங்குவோரில் பெரும்பாலோர் வெளிமாநிலப் பயணிகள். கறுப்பினப் பயணிக்குத் தங்குமிடம் மறுக்கப்படின் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்து தடைபடுகிறது என உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் விடையளித்தது. படகுக்கு வழிதிறந்த அதே வாசகமே, இரவில் அறை தேடி அலைந்த மனிதனுக்கும் கதவைத் திறந்தது. வணிகச் சட்டம் கணக்கேட்டோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தீர்ப்பிலிருந்து பிறக்கும் சட்டம்

இங்கிலாந்திலிருந்து பிரிந்த மாநிலங்கள் அந்நாட்டின் பொதுச் சட்ட மரபைக் கைவிடவில்லை. பிரெஞ்சு, ஸ்பானிய மரபைப் பின்பற்றும் லூயிசியானா மட்டுமே பெரும் விலக்கு. இம்மரபில் நீதிபதி முன்தீர்ப்பைப் பின்பற்றக் கடமைப்பட்டவர். ஆயினும் முன்தீர்ப்பின் காரணத்தைப் புதிய நிகழ்வுக்கு நீட்டிக்கவும் அவரால் இயலும்.

1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்ட மக்ஃபர்சன் எதிர் பியூக் வழக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கார் ஓடிக்கொண்டிருக்கையில் சக்கரத்தின் மர ஆரக்கால்கள் முறிந்து உரிமையாளர் காயமுற்றார். அவர் காரை வாங்கியது விற்பனையாளரிடம். உற்பத்தி நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதுமில்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கவனக்குறைவுக்குப் பொறுப்பும் இல்லை என்பதே பழைய பொதுவிதி. ஆயினும் நஞ்சு போன்ற இயல்பிலேயே ஆபத்தான பொருள்களுக்கு 1852ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு விதிவிலக்கு அளித்திருந்தது. மூலிகை மருந்தின் பெயர் ஒட்டப்பட்ட குப்பியில் நஞ்சை அடைத்து விற்றவரை அத்தீர்ப்பு பொறுப்பாக்கியது. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அவ்விதிவிலக்கின் காரணத்தை ஆராய்ந்தார். கவனக்குறைவாகச் செய்யப்பட்டால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் எப்பொருளுக்கும், வாங்கியவரல்லாத பிறரும் அதனைச் சோதியாமல் பயன்படுத்துவர் எனத் தயாரிப்பாளர் அறிந்திருந்தால், அதே காரணம் பொருந்தும் எனத் தீர்த்தார். நஞ்சுக் குப்பிக்குரிய விதி கார்ச் சக்கரத்திற்கு வந்தது. சட்டமன்றம் ஒரு சொல்லும் இயற்றாமலே நுகர்வோர் பாதுகாப்பில் ஒரு புதிய காலம் தொடங்கியது.

இயற்றப்படும் சட்டங்கள்

தீர்ப்புகள் மெல்ல வளர்வன. வணிகமோ விரைந்து மாறுவது. ஆகவே சட்டமன்றங்கள் தலையிடுகின்றன. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் போன்றவற்றைக் காங்கிரஸ் இயற்றுகிறது. ஆனால் ஒப்பந்தம், விற்பனை, நிறுவனப் பதிவு ஆகிய அன்றாட வணிகத்தின் பெரும்பகுதி மாநிலங்களின் கையிலேயே இருக்கிறது. மாநிலத்திற்கொரு விதி இருப்பின் எல்லை கடக்கும் வணிகர் என்ன செய்வார்? இவ்விடரைத் தீர்க்கவே சட்ட அறிஞர்கள் ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பை உருவாக்கி 1952இல் வெளியிட்டனர். பென்சில்வேனியா 1953இல் அதனை முதலில் ஏற்றது. விற்பனை பற்றிய அதன் இரண்டாம் பிரிவை லூயிசியானா தவிர ஏனைய மாநிலங்கள் அனைத்தும் ஏற்றுள்ளன.

இங்கு நுட்பமான ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அத்தொகுப்பு தன்னளவில் சட்டமன்று. அறிஞர் குழுவின் பரிந்துரையே. ஒரு மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொள்ளும்போதுதான் அம்மாநிலத்தில் அது சட்டமாகிறது. ஏற்கும்போது திருத்தவும் செய்யலாம். மேலும் இரண்டாம் பிரிவு சரக்குகளின் விற்பனைக்கு மட்டுமே உரியது. 500 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட சரக்கு விற்பனைக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்பது அதன் பொதுவிதி. நிலத்திற்கும் ஊழியத்திற்கும் பெரும்பாலும் முன்தீர்ப்புகளையும் பிற சட்டங்களையுமே நாட வேண்டும்.

நிர்வாக அமைப்புகள்

காங்கிரஸ் பொதுவான சொற்களில் சட்டம் இயற்றி, நுணுக்கங்களை நிர்வாக அமைப்புகளிடம் விடுகிறது. 1914இல் தோன்றிய கூட்டாட்சி வர்த்தக ஆணையமும், 1934இல் தோன்றிய பங்குப் பரிவர்த்தனை ஆணையமும் இவ்வகையின. 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், இவை விதியியற்றுமுன் பொதுவாக மக்களுக்கு அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது.

இத்துறையில் நம் வாசகர்களின் கருத்தைக் கவரும் நிகழ்வொன்று உண்டு. அமெரிக்கத் தேசிய வங்கிகள், குறிப்பிட்ட சில தேவைகளுக்கன்றி நிலமோ கட்டடமோ உடைமையாக வைத்திருக்கக்கூடாது என்பது கூட்டாட்சி வங்கிச் சட்டம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வீடு வாங்க வேண்டுமாயின், வங்கி வீட்டைத் தானே வாங்கி வாடகைக்கு விடும் இஜாரா, அல்லது இலாபம் சேர்த்து விற்கும் முராபஹா ஆகியவை வழிகளாகும். இரண்டிலும் வங்கி வீட்டின் உடைமையாளராக நிற்க நேர்கிறது. அதனைச் சட்டம் தடுக்கிறது. குவைத் ஐக்கிய வங்கியின் நியூயார்க் கிளை, வங்கிகளை மேற்பார்வையிடும் நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்திடம் விளக்கம் கோரியது. இஜாராவுக்கு 1997இலும் முராபஹாவுக்கு 1999இலும் அவ்வலுவலகம் இசைவளித்து விளக்கக் கடிதங்கள் எழுதியது.

அக்கடிதங்களின் காரணமே சிந்தனைக்குரியது. வடிவில் இது வாங்கி விற்பதாக இருப்பினும், பொருளாதார உள்ளடக்கத்தில் அடமானக் கடனுக்கு இணையானது. ஆகவே அனுமதிக்கத்தக்கது என்றது அலுவலகம். வாங்குபவரின் மனச்சான்றுக்கோ அது கடனன்று, விற்பனை என்பதனாலேயே ஏற்புடையதாகிறது. ஒரே ஆவணம் ஒரு சட்டத்தொகுதியில் விற்பனையாகவும் மற்றொன்றில் கடனாகவும் வாசிக்கப்பட்டு, இரண்டிலும் நிறைவேறியது. சமய நோக்கில் அது செல்லுமா என்பதைக் கடிதங்கள் தீர்க்கவில்லை. அது அவ்வலுவலகத்தின் பணியுமன்று.

ஆயினும் விளக்கக் கடிதம் என்பது மூலாதார வரிசையில் கீழ்ப்படியில் நிற்பது. 1984 முதல், சட்டத்தின் சொற்கள் தெளிவற்றிருக்கும் இடத்தில், நிர்வாக அமைப்புகள் தம் அதிகாரத்தின்படி தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. 2024 ஜூனில் லோப்பர் பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கோட்பாட்டைக் கைவிட்டது. நிர்வாக விளக்கத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம். சட்டத்தின் பொருளைத் தீர்ப்பது அவர் பொறுப்பே. விதிகளையும் கடிதங்களையும் நம்பி முதலீடு செய்வோர் இனி மூலச் சட்டத்தின் சொற்களையும் நேரடியாக வாசித்தாக வேண்டும்.

முரண்பாடும் தீர்வும்

இனி பௌலிங் கிரீன் இரயில் நிலையத்திற்குத் திரும்புவோம். அத்தீர்ப்பின் அடிப்படை 1842ஆம் ஆண்டின் ஒரு முன்தீர்ப்பாகும். பொதுவான வணிக விவகாரங்களில் கூட்டாட்சி நீதிமன்றம் மாநிலத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்படாமல், தானே பொதுச் சட்டத்தைக் கண்டறியலாம் என்றது அது. 1928இல் நீதிபதி ஹோம்ஸ் இதனை மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். சட்டம் என்பது வானில் மிதக்கும் ஒன்றன்று; அதற்குப் பின்னால் ஓர் உறுதியான அதிகாரம் நின்றாக வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். பத்தாண்டுகளில், 1938ஆம் ஆண்டின் ஈரி இரயில்வே வழக்கில், அவ்வாதம் வென்றது. சாசனமோ கூட்டாட்சிச் சட்டமோ ஆளாத விவகாரத்தில் கூட்டாட்சி நீதிமன்றமும் மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும். மாநில நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் அச்சட்டத்தின் பகுதியே என நீதிபதி பிராண்டைஸ் எழுதினார். பதிவு முகவரியை மாற்றிச் சாதகமான பொதுச் சட்டத்தைத் தேடிய வழி அடைபட்டது.

எது சட்டத்தின் மூலமாகலாம் என்னும் வினா இன்றும் ஓயவில்லை. 2010இல் ஓக்லஹோமா மாநில வாக்காளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர், மாநில நீதிமன்றங்கள் ஷரீஅத்தையும் பன்னாட்டுச் சட்டத்தையும் கருத்தில் கொள்ளக்கூடாது என்னும் திருத்தத்தை ஆதரித்தனர். ஒரு சமயத்தின் பெயரைச் சுட்டி விலக்கியதற்குத் தக்க நியாயம் காட்டப்படவில்லை என்ற அடிப்படையில், அத்திருத்தத்திற்கு விதிக்கப்பட்ட தற்காலிகத் தடையைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. 2013இல் தடை நிரந்தரமாயிற்று. பெரும்பான்மை வாக்கும் மாநில சாசனமும் ஒருபுறம் நின்றும், வரிசையில் உயர்ந்து நின்ற கூட்டாட்சி சாசனமே மேலோங்கியது.

ஆகவே அந்நாட்டில் கடை திறப்போரும், அங்குச் சரக்கனுப்புவோரும், வீடு வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோரும் சில வினாக்களை முன்வைத்தே தொடங்க வேண்டும். இவ்விவகாரம் கூட்டாட்சிக்கு உரியதா, மாநிலத்திற்கு உரியதா? மாநிலத்திற்கெனில், எம்மாநிலத்திற்கு? அங்கு இயற்றப்பட்ட சட்டம் உண்டா, முன்தீர்ப்பு மட்டுமா? நிர்வாக விதி ஏதும் உண்டா? அது மேலுள்ள சட்டத்தோடு இசைகிறதா? ஒப்பந்தத்தின் இறுதியில் சிறிய எழுத்தில் எம்மாநிலச் சட்டம் செல்லும் என்று குறிக்கும் வரியைப் பலர் வாசிப்பதில்லை. மேற்கண்ட வினாக்களில் பலவற்றிற்கு விடை அவ்வரியிலிருந்தே தொடங்குகிறது.