பாடநூல் மாறியது, வகுப்பறை மாறுமா?

புதுதில்லி: 3524 என்ற எண்ணின் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 5432, ஏறு வரிசையில் எழுதினால் 2345. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 3087. அதே முறையைத் தொடர்ந்தால் அடுத்து 8352; அதற்கடுத்து 6174. அதன் பின்னர் எத்தனை முறை கழித்தாலும் விடை 6174 தான். நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே அமையாத எந்த நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஏழு படிகளுக்குள் இதே எண்ணில் வந்து நின்றுவிடும்.

மகாராஷ்டிர மாநிலம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர்.கப்ரேகர் 1949-ல் கண்டறிந்த விந்தை இது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் (என்சிஇஆர்டி) 2024-ல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணித நூலான "கணித பிரகாஷ்" இதை மாணவர்களுக்கு ஒரு விளையாட்டாக அறிமுகப்படுத்துகிறது.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளை "நடுநிலை" எனத் தனிக் கட்டமாக வகுத்தது. அதையொட்டி 2023-ல் கலைத்திட்ட வரைவு வந்தது. 2024-ல் ஆறாம் வகுப்புக்கும், 2025-ல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் புதிய நூல்கள் வரத் தொடங்கின. அறிவியல் நூலுக்குச் சூட்டப்பட்டுள்ள பெயர் "கியூரியாசிட்டி". அதாவது, அறியும் ஆவல். 2006-ல் வெளியான ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் 16 பாடங்கள் இருந்தன, இப்போது 12. கணிதத்தில் 14 பாடங்கள் 10 ஆகியுள்ளன. சூத்திரத்தை முதலில் சொல்லிக் கணக்கைப் பின்னர் கொடுக்கும் பழைய வழக்கம் தளர்ந்து, வடிவங்களைக் கவனித்து மாணவரே விதியைக் கண்டறியும் முறைக்கு இடம் தரப்பட்டுள்ளது.

நூல்கள் நன்றாகவே உள்ளன. ஆனால் அவை சென்றடையும் வகுப்பறையின் நிலை என்ன என்பதே கேள்வி.

மாறாத கணக்கு: பிரதம் அமைப்பு ஊரகப் பகுதிகளில் நடத்தும் "அசர்" ஆய்வின் 2024-ம் ஆண்டு அறிக்கைப்படி, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 46 சதவீதம். 2018-ல் இது ஏறத்தாழ 44 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டோர் இந்த எளிய வகுத்தல் கைவராமலேயே உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகின்றனர். 2024 டிசம்பரில் மத்திய அரசு நடத்திய "பரக்" தேசிய ஆய்விலும் ஒன்பதாம் வகுப்பின் சராசரி கணிதத்தில் 37 சதவீதம். அறிவியலில் 40 சதவீதம்.

இந்த மாணவர்கள் புதிய நூல்களைப் படித்தவர்கள் அல்லர் என்பது உண்மை. ஆயினும், அவர்கள் படித்த நூல்களும் மனப்பாடக் கல்வியை ஒழிக்கவென்றே எழுதப்பட்டவை என்பதை மறந்துவிடலாகாது.

அந்த முயற்சிக்கு மாநிலங்களவையோடு ஒரு தொடர்பு உண்டு. நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண், 1989-ல் தமது கன்னிப் பேச்சில் குழந்தைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றியே பேசினார். 1992-ல் இயற்பியல் அறிஞர் யஷ்பால் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதே பெருஞ்சுமை என்று 1993-ல் அக்குழு அறிக்கை அளித்தது. அவரே வழிநடத்திய 2005-ம் ஆண்டின் கலைத்திட்ட வரைவிலிருந்து பிறந்தவைதான் முந்தைய நூல்கள். அவை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தும் வகுத்தல் கணக்கு பெரிதாக முன்னேறவில்லை.

ஹோசங்காபாத் காட்டிய வழி: நூலையும் ஆசிரியரையும் தேர்வையும் ஒருசேர மாற்றிய முன்னுதாரணம் நாட்டில் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் இன்று நர்மதாபுரம் என அழைக்கப்படும் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972-ல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நட்பு ஊரக மையம் ஆகிய தொண்டு அமைப்புகள் தொடங்கிய இத்திட்டத்தை, 1982-ல் உருவான ஏகலவ்யா அமைப்பு ஏற்று நடத்தியது. மாணவர்கள் குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதை எழுதினர். ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சியும், பள்ளிகளுக்குச் சோதனைப் பெட்டிகளும் அளிக்கப்பட்டன. தேர்விலோ புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு.

பின்னர் பல மாவட்டங்களுக்குப் பரவி, சுமார் ஆயிரம் பள்ளிகளை எட்டிய அத்திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்தியது. முப்பது ஆண்டுக்கால உழைப்பு ஓர் அரசாணையோடு முடிந்தது.

பொறுப்பு யாருக்கு?: 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. தில்லியில் நூல் எழுதப்படுகிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பதோ மாநிலங்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து அது கோருவது குறைந்தபட்சம் ஒரே ஓர் ஆசிரியரைத்தான். தாவரத்தையும் காந்தத்தையும் பின்னத்தையும் அவர் ஒருவரே மூன்று வகுப்புகளுக்கும் கற்பிக்க நேரலாம்.

அதே சட்டத்தின் விதிகளில் 2024 டிசம்பரில் திருத்தம் செய்யப்பட்டது. ஐந்து, எட்டாம் வகுப்புத் தேர்வில் தவறி, இரண்டு மாதங்களுக்குள் நடக்கும் மறுதேர்விலும் தேறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்த அத்திருத்தம் வழிசெய்கிறது. கற்காத மாணவரைத் தடுக்க விதி வந்துவிட்டது. கற்பிக்க ஆளில்லாத பள்ளிக்கு யார் பொறுப்பேற்பது என்பதில் இந்த வேகம் இல்லை.

நாடாளுமன்றத்தில் பாடநூல் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், வரலாற்றில் எந்த மன்னர் சேர்க்கப்பட்டார், எவர் நீக்கப்பட்டார் என்பதே அவையைச் சூடாக்குகிறது. எட்டாம் வகுப்பு மாணவருக்கு வகுத்தல் தெரியாதது எந்தக் கட்சிக்கும் அவையை முடக்கும் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

கப்ரேகரின் விளையாட்டுக்குக் கழித்தல் தெரிந்தால் போதும். தெரியாத மாணவருக்கு அந்தப் பக்கம் வெறும் எண்களின் வரிசைதான். அவர் அருகே அமர்ந்து கடன் வாங்கிக் கழிப்பதைக் கற்றுத்தர ஓர் ஆசிரியர் வேண்டும். 6174-ஐ உலகுக்குத் தந்தவரும் பள்ளி ஆசிரியர்தான்.