பெயர் கூறாதாரைத் தேடி

தவறணைக்கு வழி கேட்பவன் அதிகம் அலைய வேண்டியதில்லை. அதனின்று மீளும் வழியைக் கேட்பவனுடைய நிலை வேறு. கேட்பதற்கே அவன் நாணுகின்றான். நாணத்தை விட்டாலும் யாரிடங் கேட்பது என்பதை அறியான். ஏறக்குறைய 180 நாடுகளிலே பரவியிருக்கும் ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ என்னும் இயக்கத்தைப் ‘பெயர் கூறாக் குடிநோயாளர்’ எனத் தமிழிற் சொல்லலாம். அதன் கூட்டங்கள் தேவாலயத்தை அடுத்த மண்டபம், பாடசாலை அறை போன்ற இடங்களிலே ஆரவாரமின்றி நடைபெறுகின்றன. வருவோர் முழுப்பெயர் கூற வேண்டியதில்லை, கட்டணமுமில்லை. குடியை விட்டொழிக்க வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. தம்மை மறைத்துக்கொள்வோரைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? இவ்வினாவை முதன்முதல் எதிர்கொண்டவர், இப்படியொரு கூட்டமே உலகில் இல்லாத காலத்தில் அதனைத் தேடினார்.

1935ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலே ரயர்த் தொழிலாற் பெயர்பெற்ற அக்ரன் நகரில், ‘மேபிளவர்’ ஹோட்டலின் முன்கூடத்தில் ஒருவர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். நியூயோர்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தைத் தொழிலர் பில் வில்சன் அவர். குடியினால் தொழிலையும் மதிப்பையும் இழந்து, முந்திய டிசெம்பரில் வைத்தியசாலையிற் கிடந்து எழுந்தவர். அன்றுதொட்டு ஐந்து மாதமாக மதுவைத் தொடாதிருந்தவர். கம்பனி ஒன்றின் நிருவாகத்தைக் கைப்பற்ற வந்த முயற்சி தோல்வியில் முடிந்தது. சட்டைப்பையில் எஞ்சியவை சில டொலர்களே. கூடத்தின் ஒரு புறத்தே மதுச்சாலை. மறுபுறத்தே நகரத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியல்.

அந்த ஐந்து மாதத்தில் அவர் எத்தனையோ குடிகாரருக்குப் புத்தி சொல்லியிருந்தார். ஒருவராவது திருந்தவில்லை. ஆனால் சொல்லித் திரிந்த அவர் மாத்திரங் குடியாதிருந்தார். இதனைச் சுட்டிக்காட்டியவர் மனைவி லோயிஸ். அந்நினைவு அப்பொழுது வந்தது போலும். மதுச்சாலைப் பக்கம் திரும்பாது தொலைபேசியை எடுத்தார். வோல்ற்றர் டங்ஸ் என்ற குருவானவரை அழைத்து, தாம் பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்றார். குருவானவரிடம் இப்படியொரு விண்ணப்பஞ் செய்தவர் வேறெவருமிரார்! அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பல முறை பயனின்றி, ஈற்றில் ஹென்றியெற்றா சைபர்லிங் என்ற பெண்மணியின் குரல் கிடைத்தது. தாம் ஒரு குடிகாரன் என்பதை ஒளிக்காமலே அவரிடஞ் சொன்னார். ஒரு நண்பரின் விமோசனத்துக்காகப் பிரார்த்தித்து வந்த அப்பெண்மணி, உடனே வரும்படி அழைத்தார்.

அந்த நண்பர் சத்திர வைத்தியர் றொபேட் ஸ்மித், வயது ஐம்பத்தைந்து. அன்றிரவு அவர் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. மறுநாள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நடுங்கும் கைகளுடன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். பதினைந்து நிமிடம் மாத்திரமே இருப்பேன் என்பது அவர் விதித்த நிபந்தனை. திரும்பியபோது இரவு பதினொரு மணி கடந்துவிட்டது.

என்ன நிகழ்ந்தது? மதுவின் கேட்டை வைத்தியருக்கு எடுத்துரைக்க யாருந் தேவையில்லை. நல்லோர் அறிவுரையும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்திருந்தது. வந்தவரோ அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார். அதனிலும் மேலாக, தாம் தப்புவதற்கு அவருடைய துணை வேண்டும் என்று வந்திருந்தார். குடிகாரனை நாடி இரக்கத்தோடு வருவோர் பலர். அவனால் தமக்கு ஆகவேண்டிய காரியம் உண்டென்று வருவோர் யார்? இவ்வியக்கத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு சந்திப்பில் எல்லாம் முடிந்துவிடவில்லை. சில வாரத்தின் பின் வைத்திய மாநாடு ஒன்றுக்குச் சென்ற ஸ்மித் மீண்டும் விழுந்தார். யூன் 10ஆந் திகதி சத்திரசிகிச்சைக்குச் செல்லுமுன் கைநடுக்கந் தீர வில்சனே ஒரு போத்தல் பியர் கொடுத்தார். அதுவே கடைசி, 1950இல் இறக்கும்வரை அவர் பின்னர் குடிக்கவில்லை. அந்நாளையே இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அம்மாதமே இருவருஞ் சேர்ந்து வைத்தியசாலையிற் கிடந்த ஒரு வழக்கறிஞரைத் தேடிச் சென்றனர், மூவராயினர்.

நெடுங்காலங் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிராபத்தும் நேரலாம். ஆதலின் வைத்தியரை முன்னதாகக் காண்பதே முறை. கூட்டம் மருந்துக்குப் பதிலன்று. எனினும் 2020இல் வெளிவந்த ‘கொக்ரேன்’ ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளை ஒப்புநோக்கி, முற்றாகக் குடியாதிருக்கச் செய்வதில் இவ்வழி ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று. சிலவிடத்து மேலானது எனக் கண்டது. கடவுளைப் பற்றிய பேச்சு அங்கே மிகுதி என்று விலகுவோரும் உளர், அக்குறை பொய்யன்று. மனைவி மக்களுக்கென ‘அல்-அனோன்’ என்ற தனி அமைப்பு 1951 முதல் உண்டு.

நோயாளர் மாத்திரங் கூடும் கூட்டமும் எவரும் வந்து கேட்கத்தக்க கூட்டமும் வெவ்வேறாக நடக்கின்றன. முதன்முதல் தயங்கிச் செல்பவருக்குப் பின்னது எளிது. கூட்டமில்லாத ஊரில் இருவர் மூவர் சேர்ந்தாலே குழுவாகிவிடும். இயக்கத்தின் தொலைபேசியை அழைத்தால் பெரும்பாலும் விடை கூறுபவர் சம்பளத்துக்கு அமர்ந்த எழுதுவினைஞர் அல்லர். தாமும் ஒருநாள் அப்படி அழைத்தவர். தனியே வர அஞ்சுபவரைக் கூட்டிச் செல்ல, அவர்களுள் ஒருவர் வீட்டு வாசலுக்கே வருவதுமுண்டு.