நிலாவில் ஏலக்காய் விற்கும் கடையின் பின்வாசல்

தலை இடிக்கும், குனிந்து வாருங்கள்! எறணாகுளம் பிராட்வேயில் குடைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் இப்படியொரு மாடிப்படி இருப்பது தெருவில் போகிற கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. மேலே ஒரு துணிக்கடையின் சரக்கு அறை. பகலெல்லாம் அங்கே கணக்கு எழுதும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், வியாபாரம் முடிந்ததும் அதே மேசையில் அறிவியல் புனைகதை எழுதுகிறார். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! பெயரை மட்டும் போடக் கூடாதாம். "முதலாளி படிச்சிட்டாருன்னா?" என்கிறார்.

உள்ளே வேட்டிக் கட்டுகள், காலி அட்டைப் பெட்டிகள், ஆறிப்போன சுலைமானி, எண்ணெய்க் காகிதத்தில் பாதிப் பழம்பொரி. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. அண்ணாச்சியின் பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. ஸ்டீல் பீரோவின் கதவுதான் அவருடைய கரும்பலகை. அதில் 'சக்தி' என்று எழுதி, மேலே பெரிய பெருக்கல் குறி.

"சக்தி என்ன அண்ணாச்சி பாவம் பண்ணுச்சு?"

"ஒத்தச் சொல்லு மூணு பேரு வேலையப் பாக்குது தம்பி. தள்ளுறது விசை. உள்ள சேத்து வச்சிருக்கது ஆற்றல். அத எம்புட்டு வேகமாச் செலவழிக்கோம்ங்கிறது திறன். கேப்டன் 'சக்தி குறையுது'ன்னு கத்துனா, மெக்கானிக் எதப் போய்ப் பாப்பான்?"

மேசையில் ஈரம் குடித்து உப்பிய பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல். அதற்கடியில் முதல் பிரதி. பக்கமெல்லாம் சிவப்பு மை. எட்டிப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏலக்காய் வியாபாரிகள் குடும்பத்தோடு ஏவுகணையில் ஏறி நிலாவுக்குப் புறப்படுகிறார்கள்! ஓரத்தில் அவரே எழுதிய குறிப்பு: 'இது யுத்தத்துக்குப் போகிறது. இவர்களுக்கு ஏவூர்தி பிடித்துக் கொடு.' அடுத்த பக்கத்தில் "பத்து ஒளியாண்டு காத்திருந்தேன்" என்கிறாள் நாயகி. அடித்துவிட்டார். ஒளியாண்டு என்பது தூரம், ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை எப்படிக் காத்திருப்பது?

இன்னொரு சிவப்புக் கோடு 'ஈர்ப்பே இல்லாத விண்வெளி நிலையம்' மேல். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர் உயரத்தில்கூடப் பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். ஆகவே அங்கே 'எடையின்மை' ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பீரோவின் மேல்தட்டில் யார்? வேறு யார், சுஜாதா! பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர், 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதி ஜீனோ என்ற ரோபாட் நாயை வீடுவீடாக உலவவிட்டவர். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்ற தலைப்பை அண்ணாச்சி விரலால் தட்டுகிறார். "சில்லு! தெருவுல பாண்டி விளையாடுன பிள்ளைக்கும் புரியும்லா?"

சரியான சொல் ஒன்றுக்கு மேல் இருந்தால்? அதற்கும் பீரோவில் ஒரு கட்டம் இருக்கிறது. 'ஆக்சிஜன்' நேரே டாக்டர், 'உயிர்வளி' நேரே செய்தி வாசிப்பவள், 'பிராணவாயு' நேரே ஆச்சி. பொருள் ஒன்றுதான், வாய் வேறு. ஆச்சி உயிர்வளி என்று சொன்னால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார் என்பது இவர் கட்சி.

திடீரென்று எழுந்து சட்டையை மாட்டுகிறார். "வாரும், தராசு பாப்போம்." ஓடுங்கள் பின்னாலேயே! கீழே மலஞ்சரக்குக் கடை இன்னும் ஷட்டர் போடவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து வந்த மூட்டைகள் வாசலை அடைத்திருக்கின்றன. குருமிளகு நெடியில் எனக்கு அடுக்குத் தும்மல். மேசைமேல் எலக்ட்ரானிக் தராசு, மூலையில் தூசி படிந்த தட்டுத் தராசு, கொக்கியில் ஒரு சுருள்வில் தராசு.

"சேட்டா, இதெல்லாம் நிலாவுக்குக் கொண்டுபோனா?"

"சந்திரனிலோ? அவிடெ ஆரு வாங்கும்?" கடைக்காரர் சிரிக்கிற சிரிப்பில் சுமைதூக்குபவரும் சேர்ந்துகொள்கிறார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை, கணக்குப் போடுகிறார். நிறை எங்கே போனாலும் மாறாது. எடை நிலாவில் ஆறில் ஒரு பங்கு. தட்டுத் தராசில் படிக்கல்லும் ஏலக்காயும் ஒரே அளவில் லேசாவதால் ஆறு கிலோ ஆறு கிலோவாகவே நிற்கும். பூமியில் செய்த சுருள்வில் தராசோ அதையே ஒரு கிலோ என்று காட்டும். சட்டென்று என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்: "வில்லன் கிடைச்சிட்டான்வே! வாங்கும்போது சுருள்வில்லு, விக்கும்போது தட்டு!" அத்தனை பேர் முன்னால் நடுத்தெருவில் ஒரு குதி குதிக்கிறார். எனக்கும் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

நிறை, எடை இரண்டையும் 'கனம்' என்று பூசி மெழுகியிருந்தால் இந்த வில்லன் பிறந்தே இருக்க மாட்டான். துல்லியமான சொல் கற்பனைக்குக் கடிவாளம் போடும் என்று பயப்படுகிறவர்கள் அண்ணாச்சியை ஒரு தரம் பார்க்க வேண்டும். அவருக்குக் கதையே அதிலிருந்துதான் கிளம்புகிறது. நீங்களும் நிலாவுக்குக் கதை எழுதப் போகிறீர்களா? பழைய புத்தகக் கடையில் தமிழ்வழி இயற்பியல் பாடநூல் ஒன்று வாங்கிவிடுங்கள். அதைவிட மலிவான சொற்களஞ்சியம் வேறு கிடையாது.